டெமோவில் ஓடுவதும் நிஜத்தில் ஓடுவதும் ஒன்றா?

இரவுப்பணி எழுதியது:

14 வருடமாக நிரல் எழுதுகிறேன். இதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு நிஜமாகவே பதில் வேண்டும்.

போன வருடம் ஒரு கிடங்கின் இருப்புக் கணக்குக்காக டெமோ ஒன்று செய்யச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் செய்து கொடுத்தேன். திரை அழகாக இருந்தது. பின்னால் டேட்டாபேஸே கிடையாது, நான் கையால் எழுதி வைத்த 30 வரித் தரவுதான். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி இல்லை. நெட்வொர்க் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்றுமே எழுதவில்லை. இதையெல்லாம் மெயிலில் சொல்லி, முழுதாகச் செய்ய 6 மாதம் ஆகும் என்றும் எழுதினேன்.

வணிகப் பிரிவின் தலைவர் அந்த டெமோவை க்ளையன்ட்டிடம் காட்டினார். "எல்லாம் ரெடி, 6 வாரத்தில் கொடுத்துவிடுவோம், உள்ளே ஏஐ இருக்கிறது" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டார். அவர் ஏஐ என்று சொன்னது, இருப்பு 10க்குக் கீழே போனால் எழுத்தைச் சிவப்பாக்கும் ஒற்றை இஃப் வரி.

6 வாரத்தில் கொடுத்தோம். என்ன நடந்தது என்றால்: ஒரு பொருள் கடைசியாக ஒன்றே ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் 'இருப்பு 1' என்று படிக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றைக் கழிக்கிறது, இருவருக்கும் 'சரி' என்று பதில் போகிறது. இல்லாத பொருளை இரண்டாவது ஆளுக்கு ஒதுக்கியாயிற்று. டெமோ காட்டும்போது இது வரவே வராது, ஏனென்றால் அங்கே சுட்டியைப் பிடித்திருப்பவர் ஒரே ஆள். நிஜத்தில் 200 பேர்.

அடுத்த 5 வாரம் நானும் குழுவும் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்கைச் சரி செய்தோம். இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். விற்றவர் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கினார், அப்புறம் "ஏஐ தயாரிப்பை உருவாக்கியவர்" என்ற பெயரோடு வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அவர் மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஒருவருக்குப் பேச்சு முடிந்தால் வேலை முடிகிறது, இன்னொருவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. எல்லா இடத்திலும் இப்படித்தானா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

---

சோதனைக்காரி எழுதியது:

நீங்கள் 6 மாதம் என்று எழுதிய மெயில் க்ளையன்ட்டுக்குப் போனதா, இல்லை உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே நின்றுவிட்டதா? எங்கள் இடத்தில் உடைவது எப்போதும் அந்தப் புள்ளியில்தான். நாம் சொல்வது ஒரு மதிப்பீடு. இரண்டு அறை தாண்டிப் போனதும் அது வாக்குறுதி ஆகிவிடுகிறது, நடுவில் 'எல்லாம் சரியாக நடந்தால்' என்ற வார்த்தைகள் உதிர்ந்துவிடுகின்றன.

---

இரவுப்பணி எழுதியது:

உள்ளேயே நின்றுவிட்டது. க்ளையன்ட் பக்கத்து ஆட்களை நான் முதன்முதலில் பார்த்ததே கணக்கு குழம்பிய பிறகுதான்.

---

பழங்கை எழுதியது:

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த மாதிரி மிகைப் பேச்சு எவ்வளவு பழையது என்று மட்டும் சொல்கிறேன்.

1954இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழிக்கு ஒரு முன்னறிக்கை எழுதியது. இது வந்துவிட்டால் கோட் எழுதுவதும் பிழை திருத்துவதும் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று அதில் இருக்கிறது. 1957இல் ஃபோர்ட்ரான் வெளிவந்தது. பிழை திருத்துவது இன்றுவரை போகவில்லை. 1959இல் கோபோல் (COBOL) என்ற நிரல் மொழிக்கான வேலை தொடங்கியபோது, ஆங்கில வாக்கியம் போல இருப்பதால் மேலாளர்களே நிரலைப் படித்துவிடலாம் என்று பேசினார்கள். 1981இல் பிரிட்டனில் ஒரு நிரல் விற்பனைக்கு வந்தது, பெயரே 'தி லாஸ்ட் ஒன்'. இனிமேல் யாரும் நிரல் எழுத வேண்டியதில்லை, இதுவே கடைசி என்று பொருள். அதன் பெயர் இன்று பலருக்குத் தெரியாது.

இதை வைத்து 'எல்லாம் பொய்' என்று சொல்ல நான் வரவில்லை. ஃபோர்ட்ரான் உண்மையிலேயே பெரிய பாய்ச்சல். இயந்திர மொழியில் ஆயிரம் வரி எழுதியதைச் சில பத்து வரிகளில் எழுத வைத்தது. கருவி உண்மை, கருவியைப் பற்றிச் சொன்னது மிகை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல தொழில்நுட்பக்காரர் என்று நான் நினைக்கிறேன்.

ஃப்ரெட் ப்ரூக்ஸ் என்ற கணினி அறிஞர் 1986இல் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார். மென்பொருளின் சிரமத்தில் இரண்டு வகை. ஒன்று, கருவி மோசமாக இருப்பதால் வருவது, அதைக் கருவியை மாற்றித் தீர்க்கலாம். மற்றது, பிரச்சினையிலேயே இருப்பது. உங்கள் கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பொருளை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? திருப்பி வந்த பொருளை எந்தக் கணக்கில் வைப்பது? உடைந்து வந்தது இருப்பா இல்லையா? எந்த மொழியில் எழுதினாலும், எந்த ஏஐயிடம் கேட்டாலும், இந்தக் கேள்விகளுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து முடிவு சொல்லித்தான் ஆக வேண்டும். டெமோவில் அந்தக் கேள்விகள் எழுவதில்லை. அதனால்தான் டெமோ சீக்கிரம் முடிகிறது.

---

கணக்கர் எழுதியது:

நான் நிரலாளர் இல்லை, முதலீட்டுப் பக்கம். பில்டப் ஏன் ஜெயிக்கிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. டாட்காம் காலத்தில் (1990களின் கடைசியில் இணைய நிறுவனப் பங்குகள் தாறுமாறாக ஏறிய நேரம்) பெயரில் டாட்காம் சேர்த்துக்கொண்ட நிறுவனங்களை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வந்தது. பெயர் மாற்றத்தை அறிவித்த நாளைச் சுற்றிய 10 நாளில் அந்தப் பங்குகள் சந்தையை விட சுமார் 74 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தன. நிறுவனம் இணையத்தில் என்ன செய்தது என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. 2017 டிசம்பரில் ஐஸ் டீ விற்ற லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற நிறுவனம் 'லாங் பிளாக்செயின்' என்று பெயர் மாற்றியது (பிளாக்செயின் என்பது பிட்காயினுக்கு அடியிலுள்ள தொழில்நுட்பம், அப்போது எல்லார் வாயிலும் இருந்த வார்த்தை). அன்றே பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. அடுத்த வருடமே நாஸ்டாக் பங்குச் சந்தை அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஒரு வார்த்தைக்கே இவ்வளவு பணம் வரும்போது, வார்த்தையைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மேசையில் முதல் இடம் கிடைக்கும். இது தனி ஒருவரின் குணக்கேடு என்று பார்த்தால் தீராது.

---

விற்பவன் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 11 வருடமாக மென்பொருள் விற்கிறேன்.

இரவுப்பணி, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் விற்பவர்கள் இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று நகல் இயந்திரம் செய்த ஜெராக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். 1973இலேயே அவர்களுடைய ஆய்வகத்தில் ஆல்டோ கணினி ஓடியது. ஜன்னல்கள், சுட்டி, நெட்வொர்க், லேசர் அச்சு, எல்லாமே உலகின் மிகச் சிறந்த கைகளிலிருந்து வந்தவை. 1981இல் ஸ்டார் என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது வாங்க அதிகம் ஆளில்லை. மக்கள் வீட்டுக்கு அந்த யோசனைகள் போனது வேறு நிறுவனங்கள் வழியாக. ஆப்பிள் கணினியை உருவாக்கிய வோஸ்னியாக்கின் கைத்திறனும் அப்படித்தான், அதை விற்ற ஜாப்ஸ் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆர்வலர் கூட்டத்தோடு நின்றிருக்கும்.

இன்னொன்று, பில்டப் எங்கள் பக்கம் மட்டும்தானா? 300 பேர் பயன்படுத்தும் ஒரு சின்ன மென்பொருளை 40 மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியே ஓடும் குட்டி நிரல்களாக உடைத்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். அப்படி உடைக்கச் சொன்னது எந்த மேலாளரும் இல்லை, நிரலாளர்களே. நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனம் 1998இல் பழைய கோடை வைத்து ஓட்ட முடியாது என்று உலாவியைப் புதிதாக எழுத இறங்கியது. 5ஆம் பதிப்பு வரவே இல்லை, 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தது. அதற்குள் சந்தை கையைவிட்டுப் போய்விட்டது. 'புதிதாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதும் ஒரு விற்பனைப் பேச்சுதானே? அதை நம்பியது தேர்ந்த நிரலாளர்கள்.

எங்களுக்கு உள்ள கஷ்டத்தையும் கேளுங்கள். நிரலாளரிடம் போய் எப்போது முடியும் என்றால் "சொல்ல முடியாது" என்பார். எவ்வளவு முடிந்தது என்றால் "80 சதவீதம்". அடுத்த மாதமும் அதே 80. வேறு வழியில்லாமல் நாங்களே ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறோம்.

---

இரவுப்பணி எழுதியது:

விற்பவன் ஐயா, நன்றி. மைக்ரோசர்வீஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நானும் ஒரு முறை தேவையே இல்லாத இடத்தில் புது டேட்டாபேஸைக் கொண்டுவரச் சொல்லி வாதாடியிருக்கிறேன். அது என் அனுபவப் பட்டியலில் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

ஆனால் ஜெராக்ஸ் உதாரணத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இருந்த பொருளை அவர்களால் விற்க முடியவில்லை. என் கதையில் இல்லாத பொருள் விற்கப்பட்டது. நிகோலா என்ற லாரி நிறுவனத்தின் கதை தெரிந்திருக்கும். 2018இல் அவர்கள் வெளியிட்ட வீடியோவில் லாரி நெடுஞ்சாலையில் ஓடிவரும். அது தன் சக்தியில் ஓடவில்லை, சரிவில் உருட்டிவிட்டார்கள் என்பது 2020இல் வெளிவந்தது. அதே வருடம் ஜூனில் அதன் சந்தை மதிப்பு சில நாள் ஃபோர்டையே தாண்டியிருந்தது. நிறுவனர் ட்ரெவர் மில்டனை 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2025இல் அதிபரின் மன்னிப்பும் கிடைத்துவிட்டது. தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்திலும் இதே கதை. சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனை என்று சொல்லி 900 கோடி டாலர் மதிப்புக்குப் போனார்கள். சொந்தக் கருவியால் சில சோதனைகளைத்தான் செய்ய முடிந்தது, மற்றவற்றை வேறு நிறுவனங்களின் கருவிகளில் ஓட்டினார்கள்.

அந்த இடங்களிலும் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். லாரிக்குள் என்ன இல்லை என்று அதைப் பூட்டியவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நானும் அந்த டெமோவைச் செய்து கொடுத்தவன்தானே.

---

சோதனைக்காரி எழுதியது:

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் சேலஞ்சர் விண்கலம்தான் நினைவுக்கு வந்தது. 1986 ஜனவரி 28. துறை வேறு என்றாலும் எனக்கு அது நம் அலுவலகக் கூட்டம் மாதிரியே தெரிகிறது.

முந்தின நாள் இரவு, ராக்கெட்டின் பக்கப் பகுதியைச் செய்த தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் 'ஏவ வேண்டாம்' என்றார்கள். குளிரில் ரப்பர் வளையம் இறுகி, மூட்டு சரியாக அடைபடாது என்பது அவர்கள் பயம். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்று எழுத்திலும் கொடுத்தார்கள். நாசா பக்கத்தில் அதிருப்தி. தயோக்கால் தனியாகப் பேச நேரம் கேட்டது. அப்போதுதான் பொறியியல் துறைத் தலைவரிடம் 'பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடு' என்று சொன்னார்கள். முடிவு மாறியது. மறுநாள் ஏவிய 73 நொடியில் கலம் சிதறி 7 பேர் இறந்துபோனார்கள்.

விசாரணையில் வந்த ஒரு விஷயத்தை நான் மறப்பதே இல்லை. வழக்கமாக 'ஏவுவது பாதுகாப்பானது' என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அன்றிரவு அது தலைகீழாகி, 'பாதுகாப்பற்றது என்று நீ நிரூபி' என்றானது. பொறியாளர்களிடம் இருந்தது சந்தேகம், அதற்குக் கொஞ்சம் தரவு. உறுதியான நிரூபணம் இல்லை.

நம் கூட்டங்களிலும் நடப்பது இதேதான். "200 பேர் வந்தால் உடையும்" என்று சொன்னால் "உடையும் என்று காட்டு" என்கிறார்கள். காட்ட ஒரு வாரம் கேட்டால் அந்த ஒரு வாரத்துக்கு அனுமதி இல்லை. 'தாங்கும்' என்று சொல்கிறவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சோதனைப் பிரிவில் 9 வருடம் இருந்ததில் என்னைக் கசக்கியது வேலைப் பளு இல்லை, இந்த ஒரு வழக்கம்தான்.

---

மூலநிரல் எழுதியது:

திறமூல மென்பொருள் (மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது) ஒன்றைப் பராமரிக்கிறேன், சம்பளம் இல்லாமல். இரண்டு தரப்புக்கும் இடையே பணம் எப்படிப் பாய்கிறது என்பதையும் பேச வேண்டும்.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோது, அது இருந்த ஓபன்எஸ்எஸ்எல் (இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் திறமூல மென்பொருள்) மேல்தான் பாதி இணையம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரம் வேலை பார்த்தவர் ஒருவர். அதன் மேல் கட்டிய நிறுவனங்கள் கோடி கோடியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தன. பத்து வருடம் கழித்து, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் திறமூல மென்பொருளில் ஒரு சம்பவம். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, ஒருவர் உள்ளே பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் போகும் வழி) உள்நுழைவு அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று வேறு வேலைக்கு நடுவே தோண்டிப் பார்த்தார். அந்த அரை நொடி உறுத்தும் கண் இருக்கிறதே, அதுதான் தேர்ச்சி. எந்த ஸ்லைடிலும் அதைப் போட முடியாது.

நம்மிடையே 'நிறைகுடம் தளும்பாது' என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். நான் 20 வருடம் அதை நம்பினேன். நல்ல வேலை தானாகவே பேசும் என்று வாய் திறக்காமல் இருந்தேன். நன்றாக ஓடும் மென்பொருள் பேசுவதில்லை, ஓடுகிறது என்பதே யாருக்கும் தெரியாது. நாம் பேசாத இடத்தில் பேசத் தெரிந்த இன்னொருவர் வந்து நிற்கிறார். அந்த இடத்தைக் காலியாக விட்டதில் நமக்கும் பங்கு உண்டு.

---

புதுவரவு எழுதியது:

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் மேனேஜர் ஏஐ கருவி வைத்துப் பத்து மடங்கு வேகம் காட்ட வேண்டும் என்கிறார். அது எழுதித் தரும் கோட் பல சமயம் ஓடுகிறது. ஆனால் ஏன் ஓடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியவில்லை. வேகம் குறைந்தால் என்னைத் திறமை இல்லாதவனாக நினைப்பார்கள். இங்கே பேசும் இரண்டு தரப்பில் நான் எந்தத் தரப்பு என்றே புரியவில்லை.

---

பழங்கை எழுதியது:

தம்பி, நீங்கள் இதைக் கேட்டதே நல்லது. ஓடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர் இப்படிக் கேட்க மாட்டார்.

2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 திறமூல நிரலாளர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த கோடில், 246 வேலைகள். சிலவற்றை ஏஐயோடும் சிலவற்றை இல்லாமலும் செய்தார்கள். ஏஐயோடு செய்தவை 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தன. செய்து முடித்த பிறகும் அவர்கள் சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நினைத்தார்கள். இதை வைத்து ஏஐ எல்லாருக்கும் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லக் கூடாது. ஆட்கள் குறைவு, கருவிகள் அந்த வருடத் தொடக்கத்தில் இருந்தவை, இப்போது மாறியிருக்கும். நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: வேகம் என்று உணர்வதும் கடிகாரம் காட்டுவதும் வேறு. தேர்ந்தவர்களுக்கே அப்படி. அதனால் பத்து மடங்கு என்று யாராவது சொன்னால், எதை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். அது தந்த கோடில் தினமும் ஒரே ஒரு பகுதியை எடுத்து, இதை எப்படி உடைக்கலாம் என்று பாருங்கள். காலி உள்ளீடு கொடுங்கள். இரவுப்பணி சொன்ன மாதிரி இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். உடைந்த இடத்தில்தான் படிப்பு இருக்கிறது.

---

விற்பவன் எழுதியது:

சோதனைக்காரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். 'உடையும் என்று காட்டு' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் கமிஷன் கையெழுத்தான மாதமே வந்துவிடும். அந்த மென்பொருள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் என் பையில் போன பணம் திரும்பாது. நல்ல மனிதரையும் இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல மாற்றிவிடும். கமிஷனில் பாதியை, க்ளையன்ட் ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு கொடுத்தால் போதும், விற்பவர்களே நிரலாளர் இருக்கையைத் தேடி வந்து "இது நிஜமாகவே முடியுமா?" என்று கேட்பார்கள்.

போன வருடம் ஒரு கூட்டத்துக்கு எங்கள் மூத்த நிரலாளரைக் கூட்டிப் போனேன். பயந்துகொண்டேதான். க்ளையன்ட் கேட்ட ஐந்தில் மூன்றை இந்தத் தேதிக்குள் முடிக்கலாம், நான்காவது ஏன் கடினம், ஐந்தாவது உங்களுக்குத் தேவையே இல்லை என்று அவர் நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. மூன்றுக்கு மட்டும் ஒப்பந்தம் ஆயிற்று, தொகை குறைவு. ஆனால் அந்த க்ளையன்ட் இப்போது எதற்கும் அவரைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

'சொல்ல முடியாது' என்பதை இனி நான் சொல்லப்போவதில்லை. எது முடியும், எது முடியாது, எதைத் தெரிந்துகொள்ள எத்தனை நாள் வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

டெமோவுக்கும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனி நான் செய்யும் எந்த டெமோவிலும் திரையின் மேலேயே 'மாதிரித் தரவு, ஒருவர் மட்டும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் எழுத்தில் கேட்பேன். காட்டும்போது இரண்டு ஜன்னலைத் திறந்து, இரண்டிலும் ஒரே பொருளை எடுத்துக் காட்டுவேன். உடைவதை க்ளையன்ட் அங்கேயே பார்க்கட்டும், அதைச் சரி செய்யத்தான் மீதி மாதங்கள் என்று அவருக்கே புரியும்.

புதுவரவு, அந்த இருப்புப் பிரச்சினையை நாங்கள் தீர்த்த விதம் இதுதான்: முதலில் படித்து அப்புறம் எழுதுவதை விட்டுவிட்டு, 'இருப்பு 0ஐ விட அதிகமாக இருந்தால் மட்டும் கழி' என்று ஒரே அப்டேட் கட்டளையில் வைத்தோம். எத்தனை வரி மாறியது என்று டேட்டாபேஸ் திருப்பிச் சொல்லும். பூஜ்யம் என்றால் பொருள் இல்லை. உங்கள் கோடில் இப்படி ஏதாவது இடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

---

புதுவரவு எழுதியது:

நன்றி அண்ணா. தேடினேன், இருந்தது. நாங்கள் செய்வது முன்பதிவு. ஏஐ எழுதித் தந்ததில் முதலில் படித்து அப்புறம்தான் எழுதியிருந்தது. இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்பும் ஒரு டெஸ்ட் எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. 50 முறை ஓட்டினேன், 7 முறை ஒரே இடம் இருவருக்கும் போனது. மேனேஜரிடம் காட்டினேன். ரிலீஸை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார். இந்த வாரம் நான் முடித்தது குறைவு என்று கோபமாகத்தான் இருக்கிறார். டெஸ்ட்டை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை.